எஸ்.பி.எல். (ஸ்கூல் மாணவர் தலைவர்) யாருக்கான ஆளு? வருஷக் கடைசி சேதியும் ஒரு கேள்வியும்

வைகைக்கரை:
நம்ம ஸ்கூல் பழைய பசங்க, பெத்தவங்க எல்லாருக்கும் வணக்கம். வருஷக் கடைசி சேதி கொஞ்சம் சேர்ந்து போச்சு, கூடவே ஒரு விஷயம் மனசுல கெடந்து உறுத்துது, அதையும் கேட்டுரலாம்னுதான் இந்த இழை. நானும் இங்கதான் படிச்சேன், மகனும் இங்கதான், இப்ப பிளஸ் ஒன் முடிக்கிறான்.

மொதல்ல சேதி. பிளஸ் டூ பசங்களுக்குப் பிரியாவிடை நல்லபடியா நடந்துச்சு. காலைல சேப்பல்ல திருப்பலி, அதுல ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் தட்டுல வச்சு மந்திரிச்சுக் குடுத்தாங்க. நெத்தில விபூதி வச்ச பயலும் தொப்பி போட்ட பயலும் வரிசைல நின்னு வாங்கிட்டுப் போனாய்ங்க, இது நம்ம ஸ்கூல்ல என்னைக்கும் உள்ள வழக்கம்தான், ஆனா பாக்கும்போது ஒவ்வொரு தடவையும் நல்லாருக்கு. ஆண்டு விழால பிரிட்டோ ஹவுஸ் சுழற்கோப்பை வாங்கிருச்சு. ஹெச்.எம். ஃபாதர் ஆண்டறிக்கை வாசிச்சாரு, ரிசல்ட், விளையாட்டு, என்.சி.சி., புது கம்ப்யூட்டர் லேப் எல்லாம் வந்துச்சு. மாணவர் தலைவர்களப் பத்தி ஒரே ஒரு வரி, "சிறப்பாகச் செயல்பட்டனர்", அம்புட்டுதான்.

அந்த வரிதான் எனக்கு உறுத்துது. ஏன்னா இந்த வருஷம் ஏ.எஸ்.பி.எல்., அதாவது துணைத் தலைவரா இருந்த பையன் செஞ்ச வேலை என்னன்னு என் மகன் சொல்லித்தான் தெரியும். வழக்கம்போல அவனுக்கு குடுத்த டூட்டி காலைல கேட்ல நின்னு லேட்டா வர்றவன் பேரை எழுதி பி.டி. சார்கிட்ட குடுக்குறது. இவன் என்னன்னா பேரு, கிளாஸ், வந்த நேரத்தோட நிறுத்தாம பக்கத்துல இன்னொரு கோடு போட்டு எந்த பஸ்ல வந்தான்னும் எழுதிருக்கான். ஒரு மாசம் கழிச்சு அந்த நாப்பது பக்க நோட்டைப் பெரட்டிப் பாத்தா, திரும்பத் திரும்ப வர்ற பேரெல்லாம் செக்கானூரணி, உசிலம்பட்டி பக்கமிருந்து ஒரே டவுன் பஸ்ல வர்ற பயலுக. அந்த பஸ் மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்றதே நம்ம மொத பெல்லுக்கு அப்பறம்தான், அதுக்கு முந்துன பஸ்ஸ புடிக்கணும்னா விடியக்காலைல கெளம்பணும். நோட்டைக் கொண்டுபோய் ஹெச்.எம். டேபிள்ல விரிச்சு வச்சுருக்கான். அன்னைலருந்து அந்தப் பசங்களுக்குத் தனி பாஸ், பிரேயர் முடியுறதுக்குள்ள வந்தா நேரா கிளாஸுக்குப் போயிரலாம், கிரவுண்டச் சுத்தி ஓட வேணாம்.

எனக்குத் தெரிஞ்சு தலைமைன்னா இதுதான். இதை ஆண்டு விழா மேடைல யாரும் சொல்லல, அவனையும் பேசச் சொல்லல. இப்ப அடுத்த வருஷத்துக்கு எஸ்.பி.எல்.ல ஜூன்ல ஸ்டாஃப் ரூம்லயே உக்காந்து முடிவு பண்ணப் போறதா பேச்சு. நாங்க படிச்சப்ப ஓட்டுப் போட்டோம். நான் கேக்குறது ரெண்டே விஷயம், ஓட்டைத் திரும்பக் கொண்டுவரணும், வருஷக் கடைசில தலைவன் என்ன செஞ்சான்னு அவனே பசங்க முன்னாடி நின்னு சொல்லணும். நீங்க என்ன நெனைக்கிறீங்க?

தெப்பக்குளம்காரன்:
தம்பி நல்ல விஷயத்தை ஆரம்பிச்ச. நான் எண்பதுகள்ல படிச்சவன். அப்ப நாட்டுலயே ஓட்டுப் போடுற வயசு 21, அரசியல் சட்டத்துல 61வது திருத்தம் வந்து 1989லதான் 18 ஆச்சு. ஆனா நம்ம ஸ்கூல்ல ஆறாப்பு படிக்கிற பொடிப்பய கையில ஓட்டு இருந்துச்சு. பரீட்சைப் பேப்பர்ல மிச்சம் இருந்ததைக் கிழிச்சு சீட்டு, சாக்பீஸ் டப்பாதான் பெட்டி, மூடில ஓட்டை போட்டு பசை ஒட்டி ஃபாதர் கையெழுத்து. எங்க கிளாஸ்ல எண்ணும்போது ஒவ்வொரு சீட்டையும் பிரிச்சுத் தூக்கிக் காட்டித்தான் போர்டுல கோடு போடுவாங்க, அஞ்சாவது கோடு குறுக்க. எனக்கு ஜனநாயகம்னா என்னன்னு அங்கதான் தெரிஞ்சுச்சு, பாடப் புத்தகத்துல இல்ல.

எப்ப ஓட்டு நின்னுச்சு, ஏன் நின்னுச்சுன்னு யாருக்காச்சும் தெரியுமா?

ஹாஸ்டல் பையன்:
எனக்குத் தெரியும்ணே, நான் அந்த வருஷம் பிளஸ் டூ ஹாஸ்டல்ல இருந்தேன், ஊரு ஓரியூருக்குப் பக்கத்துல. இதை மறைச்சுப் பேசுறதுல அர்த்தம் இல்ல, வெளிப்படையாவே சொல்றேன். ஓட்டு ஏரியா ஓட்டா ஆயிருச்சு, ஏரியாங்குறது வெளிய சொல்ற பேரு, உள்ள சாதி. கையில கட்டுற கயிறு கலரைப் பாத்து இவன் நம்ம ஆளு அவன் அவிங்க ஆளுன்னு பிரிச்சாய்ங்க. நிக்கிற பையன் என்ன சொல்றான்னு ஒருத்தனும் கேக்கல. ரிசல்ட் வந்த அன்னைக்குச் சாயங்காலம் கேட்டுக்கு வெளிய அடிதடி, ஒரு பையனுக்கு மண்டைல தையல். அடுத்த வருஷத்துலருந்து ஓட்டு கிடையாது.

அதனால எனக்கு ஓட்டு வேணும்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. நாங்குநேரில 2023ல நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கூடப் படிக்கிற பசங்களே வீடு புகுந்து வெட்டுனது. அதுக்கப்பறம் அரசாங்கம் நீதிபதி சந்துருவை ஒரு நபர் குழுவா போட்டுச்சு, 2024 ஜூன்ல அறிக்கை குடுத்தாரு, கலர் கயிறு, மோதிரம், நெத்தி அடையாளம் இதெல்லாம் ஸ்கூலுக்குள்ள கூடாதுன்னு அதுல இருக்கு. அம்புட்டு தூரம் போன விஷயத்துல நம்ம ஒரு பேட்ஜுக்காக பசங்கள மோத விடணுமா?

வைகைக்கரை:
தம்பி நீ சொன்னது ரொம்ப முக்கியம், இதை யாராச்சும் சொல்லணும்னுதான் நெனைச்சேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், ஓட்டை நிறுத்துனதால கயிறு போச்சா? சட்டைக் கை மடிப்புக்குள்ள போச்சு. பசங்க மத்தியில அந்தப் பிரிவினை இருக்குன்னு ஓட்டு காட்டிக் குடுத்துச்சு, காட்டுனதைத் தூக்கி வச்சுட்டோம், பிரிவினை அங்கேயேதான் இருக்கு. ஸ்டாஃப் ரூம்ல எடுக்குற முடிவுலயும் அது நுழையாதுன்னு யாரு உத்தரவாதம் குடுப்பா?

உசிலம்பட்டி ரோடு:
அந்த பஸ்ஸுல வந்தவன் நான். போன வருஷம் முடிச்சேன், இப்ப காலேஜ் மொத வருஷம். என் தம்பி இன்னும் அங்க படிக்கிறான், அந்த பாஸ் அவன் பையில இருக்கு. எங்க காலத்துல அந்த பாஸ் கிடையாது. ஆறாப்புல சேந்ததுலருந்து நான் கிரவுண்டச் சுத்துனவன், மழை பேஞ்ச அன்னைக்கும் சுத்துனவன், மொத பீரியட் இங்கிலீஷ் எனக்குப் பாதிக்கு மேல தெரியாது. ஒரு எஸ்.பி.எல்.லும் ஏன்டா லேட்டுன்னு கேட்டதில்ல, பேரு சொல்லு கிளாஸ் சொல்லு, அவ்ளோதான். அவிங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவிங்களுக்குச் சொல்லிக் குடுத்த வேலை அது. ஆபீஸுக்குக் கண்ணா இருன்னு சொன்னா கண்ணாத்தான் இருப்பான், எங்களுக்கு வாயா இருன்னு யாருமே சொல்லலையே.

புதூர் அம்மா:
நான் பழைய மாணவி கிடையாது, பையனோட அம்மா, பேசலாமா தெரியல. எம்பையன் இந்த வருஷம் பத்தாவது எழுதிருக்கான். எனக்கு ஒரே பயம் இந்தத் தலைவர் பொறுப்பெல்லாம் படிப்பைக் கெடுத்துருமோன்னு. பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூல எஸ்.பி.எல். ஆனான், விழா, ரிஹர்சல், வரவேற்பு, ஃபிளெக்ஸ்னு பாதி நேரம் கிளாஸ்லயே இல்ல, ரிவிஷன் டெஸ்ட் மார்க்கு எறங்கி அவங்க வீட்ல ஒரே சண்டை. நல்லா படிக்கிற பையனைப் புடிச்சு இதுல போடாதீங்க ஃபாதர்னு அவங்க அம்மா போய் அழுதாங்க.

சாக்பீஸ்:
தாராளமா பேசுங்கம்மா. நான் இந்த ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க கேட்டதுக்கு இப்ப வழி பொறந்துருக்கு. 2017-18லருந்து பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வச்சாங்க, அதனால மேல ரெண்டு வருஷமும் பசங்களுக்கு மூச்சு விட நேரம் இல்லாம இருந்துச்சு. 2025-26லருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துட்டாங்க. அப்ப எஸ்.பி.எல். பொறுப்பைப் பிளஸ் ஒன் பையன்கிட்டயே குடுக்கலாம், பிளஸ் டூ வந்ததும் அவன் எறங்கிரலாம், அடுத்து வர்றவனுக்குப் பக்கத்துல நின்னு ஆலோசனை சொன்னாப் போதும். நான் ஸ்டாஃப் கவுன்சில்ல இதைச் சொல்லிப் பாத்தேன், அப்ப பொதுத்தேர்வு இருந்ததால எடுபடல.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க ஸ்டாஃப் ரூம்ல எஸ்.பி.எல்.ல எப்படித் தேர்ந்தெடுத்தோம்னா பெரும்பாலும் மொத ரேங்க் பையன், அல்லது மேடைல நல்லா பேசுறவன், அல்லது சொன்ன பேச்சு கேக்குறவன். பொதுத்தேர்வுல மாநில அளவுல ரேங்க் அறிவிக்கிறதையே 2017ல அரசாங்கம் நிறுத்திருச்சு. நாங்க மட்டும் தலைவனைத் தேடும்போது ரேங்க் கார்டைத்தான் எடுத்து வச்சோம். மார்க்கு எடுக்குற தெறமை வேற, நாலு பேரு கஷ்டத்தைக் கவனிக்கிற கண்ணு வேற. சில பையன்கிட்ட ரெண்டும் இருக்கும், பல பேருகிட்ட இருக்காது.

பிளஸ்ஒன் பி செக்ஷன்:
சார் வணக்கம், அண்ணன்மாருக்கு வணக்கம். நான் இப்ப படிச்சுக்கிட்டு இருக்கேன், பேரு சொல்ல வேணாம்னு பாக்குறேன். நீங்க பேசுறதை எங்க கிளாஸ் குரூப்புல போட்டேன், எல்லாரும் படிச்சுக்கிட்டு இருக்கோம். எங்களுக்கும் ஓட்டு வேணும். ஆனா ஒரு கேள்வி, ஓட்டு வச்சாலும் ஃபுட்பால் டீம் கேப்டன்தான் ஜெயிப்பான், ஆறாப்பு ஏழாப்புப் பசங்க எல்லாம் அவன் பின்னாடிதான் சுத்துவாய்ங்க. அதுவும் தப்புதானே?

வைகைக்கரை:
தம்பி, ஃபுட்பால் கேப்டன் ஜெயிச்சா என்ன தப்பு? நல்லா செஞ்சா சந்தோஷம். செய்யலன்னா வருஷக் கடைசில அறுநூறு எழுநூறு பசங்க முன்னாடி மைக்குல நின்னு நான் இதைச் செஞ்சேன்னு சொல்ல ஒண்ணும் இருக்காது, அடுத்த தடவை பொடிப்பயலுகளும் யோசிச்சுப் போடுவாய்ங்க. அதுக்குத்தான் ரெண்டையும் சேத்துக் கேக்குறேன். ஓட்டு மட்டும் வச்சுட்டுக் கணக்கு கேக்கலன்னா அது வெறும் ஜெயிச்ச கூத்தாத்தான் முடியும்.

மாட்டுத்தாவணி:
இதுல மதம் ஒரு விஷயமா யாரும் பேசல, நான் பேசுறேன். நான் முஸ்லிம், நம்ம ஸ்கூல்ல ஏழு வருஷமும் படிச்சேன். கத்தோலிக்கப் பசங்க மறைக்கல்விக்குப் போகும்போது நாங்க நல்லொழுக்க கிளாஸுக்குப் போவோம், ஒரு நாளும் யாரும் என்னை வேத்து ஆளா பாக்கல, ரம்ஜான் நேரத்துல பிரதர் ஒருத்தரு எனக்காகவே பிராக்டிஸ் நேரத்தை மாத்தி வச்சாரு. ஆனா எஸ்.பி.எல். மட்டும் கத்தோலிக்கப் பையனா இருக்கணும்னு எழுதாத சட்டம் ஒண்ணு இருக்குன்னு பசங்க மத்தியில ஒரு பேச்சு உண்டு. உண்மையா சார்?

சாக்பீஸ்:
சட்டம்னு எதுவும் கிடையாதுப்பா, நான் இருந்தப்ப இந்துப் பையனும் இருந்துருக்கான், முஸ்லிம் பையனும் ஏ.எஸ்.பி.எல்.ஆ இருந்துருக்கான். ஆனா திருப்பலில வாசகம் வாசிக்கணும், ஆயர் வந்தா வரவேற்கணும்னு காரணம் சொல்லிக் கத்தோலிக்கப் பையன் பக்கம் சாயுறது இருந்துச்சு. அந்த வேலைக்கெல்லாம் இளம் கிறித்தவ மாணவர் இயக்கத்துப் பசங்க இருக்காங்க, அவங்க பாத்துக்கலாம். எஸ்.பி.எல். எல்லாப் பசங்களுக்கும் உள்ளவன்.

நம்ம ஸ்கூலை நடத்துற இயேசு சபையோட தலைவரா இருந்த பேத்ரோ அருப்பே 1973ல ஸ்பெயின் நாட்டு வலென்சியால, சபை நடத்துற பள்ளிகள்ல படிச்ச பழைய மாணவர்கள் முன்னாடி ஒரு உரை குடுத்தாரு. பிறருக்காக வாழுற மனுசங்கள உருவாக்குறதுதான் நம்ம கல்வியோட நோக்கம்னு அதுல சொன்னாரு, நீதிக்காக நிக்க உங்களுக்கு நாங்க சொல்லிக் குடுத்தோமான்னு மடில உக்கார வச்சுக் கொஞ்சுற மாதிரி இல்லாம நேராவே கேட்டாரு, கேட்டவங்கள்ல கொஞ்சம் பேருக்கு அது கோவத்தையும் கெளப்புச்சு. பிறருக்காக வாழுற மனுசங்கங்குற அந்த வாசகத்தைத்தான் நம்ம ஸ்கூல் சுவத்துல எழுதி வச்சுருக்கோம். லேட்டா வந்தவன் பக்கத்துல பஸ் பேரை எழுதுனான் பாருங்க அந்தப் பையன், அந்தச் சுவத்துல இருக்குற வார்த்தையை அவன் செஞ்சு காட்டிருக்கான்.

தெப்பக்குளம்காரன்:
சார், நீங்க யாருன்னு புரிஞ்சுபோச்சு. இந்த அருப்பே கதைய நீங்க லாகரிதம் நடத்துறதுக்கு நடுவுலயும் சொல்லுவீங்க. உங்க கையால ரெண்டு அடி வாங்குனவன், நல்லாருங்க சார்.

ஹாஸ்டல் பையன்:
எல்லாரும் சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா என் கேள்விக்குப் பதில் இன்னும் வரல. சாதி ஓட்டை எப்படித் தடுப்பீங்க? அந்தத் தையல் போட்ட பையன் என் ரூம்மேட், அவன் அதுக்கப்பறம் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டான். படிக்க வந்த பையன். அதனால பதில் வேணும்.

வைகைக்கரை:
கேக்க வேண்டிய கேள்வி தம்பி. ராத்திரி இதைத்தான் யோசிச்சேன், எனக்குத் தோணுறதைச் சொல்றேன், ஓட்டை இருந்தா அடைங்க.

நம்ம ஸ்கூல்ல ஹவுஸ் இருக்கு, பிரிட்டோ, நொபிலி, பெஸ்கி, சவேரியார். இந்த ஹவுஸ் பிரிக்கிறது அட்மிஷன் நம்பர் வரிசைப்படி, அதனால ஒரே தெருப் பசங்க, ஒரே ஊர்ப் பசங்க எல்லா ஹவுஸ்லயும் கலந்துதான் கெடப்பாய்ங்க. அரசுப் பள்ளிகள்ல கூட 2024ல மகிழ் முற்றம்னு கொண்டுவந்து குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலைன்னு பிரிச்சுருக்காங்க, அதோட நோக்கமும் கலக்குறதுதான். இப்ப நிக்கிற பையனுக்கு ஒரு விதி வைப்போம், அவனை முன்மொழியுறவங்க அவன் ஹவுஸா இருக்கக் கூடாது, மத்த மூணு ஹவுஸ்லருந்தும் ஹவுஸுக்கு அஞ்சு பேரு கையெழுத்துப் போடணும், அந்த அஞ்சும் ஒரே கிளாஸா இருக்கக் கூடாது, ரெண்டு பேராச்சும் எட்டாப்புக்குக் கீழ இருக்கணும். தன் கூட்டத்தை மட்டும் வச்சிருக்குற பையனுக்கு இந்தக் கையெழுத்து வாங்குறது கஷ்டம், வாங்கணும்னா மத்த பசங்ககிட்ட போய்ப் பேசியே ஆகணும். நாமினேஷன் கட்டத்துலயே முக்கால்வாசி வடிகட்டிரும்னு நம்புறேன்.

அப்பறம் கிளாஸ்வாரியா ஓட்டு எண்ணிக்கை சொல்லவே கூடாது. எல்லாச் சீட்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கி எண்ணணும், எந்த செக்ஷன் யாருக்குப் போட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தானே சண்டை?

சாக்பீஸ்:
கலக்கி எண்ணுறது ரொம்பச் சரி. கூடவே ஒண்ணு சேத்துக்கோங்க. காலேஜ் தேர்தலுக்கு லிங்டோ குழு பரிந்துரையை உச்ச நீதிமன்றம் 2006ல ஏத்துக்கிட்டு நடைமுறைப்படுத்தச் சொல்லுச்சு, அதுல ஒரு ஆளு 5000 ரூபாய்க்கு மேல செலவு பண்ணக் கூடாது, அச்சடிச்ச போஸ்டர் கூடாது, கையால எழுதுனது மட்டும்னு இருக்கு. நம்ம பசங்களுக்கு 5000 கூட எதுக்கு, ஒரு பைசா செலவு கூடாதுன்னு வைங்க. சார்ட் பேப்பரை ஸ்கூலே குடுக்கட்டும், ஆளுக்கு ரெண்டு. ஃபிளெக்ஸ் வச்சா நாமினேஷன் ரத்து. மிட்டாய் குடுத்தாலும் ரத்து. ஸ்கூல் வாசலுக்கு எதிர்ல ஃபிளெக்ஸ் வைக்கிறது பெரும்பாலும் பையன் இல்ல, வெளிய இருக்குற மாமன் மச்சான் வகையறா, அங்கதான் சாதி உள்ள நுழையுது.

ஹாஸ்டல் பையன்:
இது யோசிக்க வேண்டிய விஷயம் சார். அந்த வருஷமும் வெளி ஆளுகதான் கேட்டுக்கு வந்தாய்ங்க. வேற ஹவுஸ்காரன் முன்மொழியணும்ங்குறது எனக்குப் புடிச்சுருக்கு. ஆனா கையெழுத்தை மெரட்டி வாங்கிட்டா?

சாக்பீஸ்:
அப்படி நடக்காம இருக்கணும்னா பையன் எதுக்க கையெழுத்து வாங்கக் கூடாது. முன்மொழியுறவன் தனியா ஹவுஸ் மாஸ்டர் ரூமுக்குப் போய் எழுதிக் குடுக்கட்டும், யாரு போட்டா போடலன்னு நிக்கிறவனுக்கே தெரிய வேணாம். எண்ணிக்கை சேந்துச்சா இல்லையான்னு மட்டும் சொன்னாப் போதும்.

பிளஸ்ஒன் பி செக்ஷன்:
சார் சூப்பர். ஓட்டு எதுல போடுறது? லேப்ல லேப்டாப்ல வோட்டிங் ஆப் போடலாம்னு எங்க கம்ப்யூட்டர் குரூப் பசங்க சொல்றாய்ங்க, பட்டனை அமுக்குனா பீப் சத்தம் கூட வரும், நெசமான மெஷின் மாதிரியே.

தெப்பக்குளம்காரன்:
பேப்பர்ல போடுங்க தம்பி. பீப் சத்தம் நல்லாத்தான் இருக்கும், ஆனா எண்ணுறதைப் பசங்க கண்ணால பாக்கணும், ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டணும், தோத்த பையனோட ஆளு பக்கத்துல நின்னு பாக்கணும், அப்பத்தான் தோத்தவன் வாயத் தொறக்க மாட்டான். எண்ணுற அன்னைக்குக் கூட்டம் சேராம எண்ணுங்க, சனிக்கிழமை மத்தியானம் வைங்க, ரிசல்ட்டை திங்கக்கிழமை பிரேயர்ல சொல்லுங்க. நெசமான தேர்தலுக்கே நம்ம ஸ்கூல் கிளாஸ் ரூம்லதான் பூத் போடுறாங்க. 2019ல சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்து அன்னைக்கே மதுரைல ஓட்டுப்பதிவு வந்துச்சு, நேரத்தை ராத்திரி 8 மணி வரைக்கும் நீட்டிச்சாங்க, தேர் பாத்துட்டு நடந்தே வந்து ஓட்டுப் போட்டவன் நானு. அம்புட்டுக் கூட்டத்துலயே நடத்த முடிஞ்சா ஒரு ஸ்கூலுக்குள்ள முடியாதா?

உசிலம்பட்டி ரோடு:
வருஷக் கடைசிக் கணக்கு எப்படி இருக்கணும்னு யாரும் சொல்லல. நான் சொல்றேன். புகழ்ந்து பேசுறது வேணாம், நன்றியுரை வேணாம். பசங்க என்னென்ன கேட்டாய்ங்க, எது நடந்துச்சு, எது நடக்கல, நடக்காததுக்கு ஆபீஸ்ல என்ன காரணம் சொன்னாங்க. இந்த நாலும் இருந்தாப் போதும். மூணாவது மாடில பத்தாப்பு செக்ஷன் பக்கத்துல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பா இல்லாம எத்தனை வருஷம் கெடந்துச்சு, ஒருத்தன் உள்ள போனா இன்னொருத்தன் வெளிய கதவைப் புடிச்சுக்கிட்டு நிப்போம். ஐம்பது ரூவா தாழ்ப்பா. ஆபீஸுக்குத் தெரியாது, ஏன்னா யாரும் போய்ச் சொல்லல. பி.டி. பீரியடை கணக்குக்கு எடுத்துக்குறது இன்னொண்ணு, சார் கோவிச்சுக்காதீங்க.

சாக்பீஸ்:
கோவம் எதுக்குப்பா, நியாயமான குறை. பத்தாப்புக்கு பி.டி. பீரியடை எடுக்கக் கூடாதுன்னு கேக்குற தைரியம் ஒரு எஸ்.பி.எல்.லுக்கு வந்தா அந்த வருஷம் நல்ல வருஷம். ஹெச்.எம். கூட மாசத்துக்கு ஒரு தடவை எஸ்.பி.எல்., ஏ.எஸ்.பி.எல்., கிளாஸ் லீடருங்க எல்லாரும் உக்காரணும், பேசுனதை ரெண்டு வரி எழுதி நோட்டீஸ் போர்டுல ஒட்டணும். மாசாமாசம் அது இருந்தா வருஷக் கடைசிக் கணக்கு தானா வந்துரும்.

புதூர் அம்மா:
நீங்க எல்லாரும் பேசுறதைப் படிச்சா எம்பையனைக் கூட நிக்கச் சொல்லலாம்னு தோணுது. அவன் அதிகம் பேச மாட்டான், ஆனா கூடப் படிக்கிற பையனுக்குச் சாப்பாடு இல்லன்னா ரெண்டு டிபன் பாக்ஸ் கேட்டு வாங்கிட்டுப் போவான். பிளஸ் ஒன்லயே பொறுப்பு முடிஞ்சுரும்னா எனக்கு ஆட்சேபணை இல்ல.

மாட்டுத்தாவணி:
அம்மா அவனை நிக்கச் சொல்லுங்க. அந்த மாதிரிப் பையன்தான் வேணும்.

நடுவுல ஒரு சேதி, வெளிய போற பிளஸ் டூ பசங்களுக்கு யாராச்சும் சொல்லுங்க. தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9ல ஆரம்பிச்சது, காலேஜ் போற பசங்களுக்கு மாசம் 1000 ரூபாய். ஆறுலருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சவங்களுக்கும் அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியம் படிச்சவங்களுக்கும் உண்டு. நம்ம தமிழ் மீடியம் செக்ஷன் பசங்க பாதி பேரு இது அரசுப் பள்ளிக்கு மட்டும்தான்னு நெனைச்சுக்கிட்டு இருக்காய்ங்க. காலேஜ் சேந்த ஒடனே அங்க ஆபீஸ்ல கேட்டுப் பதிஞ்சுரணும், ஆதார்ல பேங்க் அக்கவுண்ட் இணைஞ்சு இருக்கணும். இந்த மாதிரி விஷயத்தைப் போற பசங்களுக்குச் சொல்லி அனுப்புறதும் எஸ்.பி.எல். வேலைல சேக்கலாம்.

வைகைக்கரை:
நல்ல சேதி, என் மகன்கிட்ட சொல்லி கிளாஸ் குரூப்புல போடச் சொல்றேன்.

எல்லாரும் சொன்னதைச் சேத்து ஒரு பக்கத்துல எழுதி நாளைக்கு ஹெச்.எம். ஃபாதரைப் பாக்கப் போறேன். பழைய மாணவர் சங்கம் சார்புலன்னு போடல, பெத்தவனா போறேன். சாக்பீஸ் சார் கூட வந்தா பலமா இருக்கும்.

சாக்பீஸ்:
வர்றேன். பதினோரு மணிக்கு மேல வாங்க, அதுக்கு முன்னாடி ஃபீஸ் கணக்கு, டி.சி.ன்னு கூட்டமா இருக்கும்.

வைகைக்கரை:
போயிட்டு வந்தாச்சு. ஃபாதர் முழுசாப் படிச்சாரு, ரெண்டு எடத்துல பேனா வச்சுக் கோடு போட்டாரு. மொதல்ல பழைய சண்டையைத்தான் சொன்னாரு, அவர் மனசுலயும் அது இருக்கு. மத்த ஹவுஸ்லருந்து முன்மொழியுற விதியையும் வெளி ஆளுக ஃபிளெக்ஸ் வச்சா ரத்துங்குறதையும் சார் வெளக்குனப்பறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்பறம், ஒரு வருஷம் வச்சுப் பாப்போம், சண்டை வந்தா அத்தோட நிறுத்திருவேன்னாரு. பிளஸ் ஒன் பையன்தான் எஸ்.பி.எல்.ங்குறதுக்கு ஒடனே சம்மதம். வருஷக் கடைசிக் கணக்கை ஆண்டறிக்கைக்கு அப்பறம் மேடைலயே வாசிக்கலாம்னு அவரே சொன்னாரு. மாசாந்திரக் கூட்டத்துக்கு மட்டும் ஸ்டாஃப்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னுட்டாரு.

பிளஸ்ஒன் பி செக்ஷன்:
நாங்க பிளஸ் டூ போயிருவோம், அப்ப எங்களுக்கு நிக்க முடியாதா? பரவால்ல, ஓட்டுப் போடலாம்ல. ஜூன்ல ஸ்கூல் தொறந்த மொத வாரமே வைக்கப் போறதா கிளாஸ் சார் சொன்னாரு.

ஹாஸ்டல் பையன்:
மொத வாரம் வேணாம்னு சொல்லு தம்பி. ஹாஸ்டல் பசங்க பாதி பேரு ஊருலருந்து வந்து சேர்றதுக்கே ரெண்டு வாரம் ஆகும், ஆறாப்பு அட்மிஷனும் பிளஸ் ஒன் அட்மிஷனும் அப்ப முடிஞ்சுருக்காது. வெளி ஸ்கூல்லருந்து பிளஸ் ஒன் சேர்ற பையனுக்கு யாரையும் தெரியாது, அவன் பக்கத்துல உக்காந்துருக்குறவன் சொல்ற ஆளுக்குத்தான் போடுவான், அங்கதான் மறுபடியும் கயிறு வேலை செய்யும். ஜூலைக்குத் தள்ளச் சொல்லுங்க. ஓட்டு எண்ணும்போது ஹாஸ்டல்லருந்து ஒரு பையன் கூட நிக்கட்டும், நானும் அன்னைக்கு வந்து கேட்ல நிக்கிறேன்.

பிளஸ்ஒன் பி செக்ஷன்:
சார்கிட்ட சொல்லிட்டேன்ணே, அவரு ஃபாதர்கிட்ட கேட்டுட்டாரு. நாமினேஷன் ஜூலை மொத வாரம், ஓட்டு ரெண்டாவது வாரம், ஜூலை 31, இயேசு சபையை ஆரம்பிச்ச இஞ்ஞாசியார் திருநாள் அன்னைக்குப் பொறுப்பேற்பு.